அண்ணன் வைத்த நெருப்பு

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவருடைய படத்துக்கு முன்னால் விளக்கேற்ற வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், தீயணைப்புத் துறையில் அவரோடு ஒரே வண்டியில் ஏறி இறங்கிய தோழர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. "காடு எரிஞ்ச அன்னிக்குப் பக்கத்துல நின்னு பாத்தவ நீதான். நீயே எழுது" என்றார். அண்ணனைத் தைரியசாலி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். இறுதிச் சடங்கன்று மாலை வைத்த அதிகாரிகளும் அப்படித்தான் பேசினார்கள். அது பொய்யில்லை. ஆனால் நான் அறிந்த அண்ணன் பயந்தவர். பயந்துகொண்டே போய் வேலையை முடித்துவிட்டு வருகிறவர். அதை எழுதாமல் விட்டால் அவரைப் பாதிதான் சொன்னதாக ஆகும்.

அண்ணன் பிறந்தது பெங்களூரில், விவேக் நகரில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஓர் ஒற்றை அறை வீட்டில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ராணுவ அதிகாரி ஒருவருடைய பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். நாங்கள் இந்துக்கள் என்றாலும் வியாழக்கிழமை தோறும் அம்மா எங்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு போய்க் குழந்தை ஏசுவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவார். அந்தக் கூட்டத்தில் நான் நசுங்கிவிடாமல் அண்ணன் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார். அவருக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அப்பா மஞ்சள் காமாலையில் திடீரென்று போனபோது அண்ணன் இன்னும் மீசை முளைக்காத பையன். அதற்கு மறுமாதமே பெட்ரோல் பங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தக் கூடாது என்று அம்மாவிடம் சண்டை போட்டவர் அவர்தான். இன்று நான் இதை எழுதுகிறேன் என்றால் அந்தச் சண்டையில் அவர் ஜெயித்ததால்தான்.

தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பங்குக்கு வந்த ஒரு டிரைவர் சொல்லித்தான் அண்ணனுக்குத் தெரியும். ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் கவலையில்லை. கன்னடம் எழுதத் தெரியாததுதான் பிரச்சினை. தெருவில் சரளமாகப் பேசுவாரே தவிர எழுத்து வராது. எதிர்வீட்டுச் சிறுமியின் கன்னடப் பாடப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பங்கில் வண்டி வராத நேரத்தில் சிலேட்டில் எழுதிப் பழகினார். தேர்வாகிவிட்டார்.

பயிற்சியில் உயரமான கோபுரத்தின் மேலிருந்து கீழே விரித்துப் பிடித்திருக்கும் துணியில் குதிக்க வேண்டும். முதல் நாளே தயங்காமல் குதித்தார் என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: "நான் எங்க குதிச்சேன்? கால் வழுக்கிடுச்சும்மா." அம்மா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. மேலே நின்றபோது கை கால் மரத்துப் போனதையும், கண் இருட்டியதையும் விவரமாகச் சொன்னார். பயத்தை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வேலையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். நகரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் புகை சூழ்ந்து ஒரு குடும்பம் மாடிப்படியில் சிக்கிக்கொண்டபோது அண்ணன் உள்ளே போனார். அந்தக் குடும்பத்துப் பெண்மணி பிற்பாடு இனிப்போடு வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் பயப்படாதீங்க என்று வெளியிலிருந்து கத்தினார்களாம். இவர் மட்டும், "பயமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருக்கு. என் முதுகப் பாத்துக்கினே வாங்க" என்றாராம். அந்த ஒரு வார்த்தையில்தான் தனக்குக் கால் எழும்பியது என்றார் அவர்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் அண்ணன்தான். என் கணவர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். ஆனேக்கல் தாண்டி, காட்டை ஒட்டிய ஒரு கல் குவாரியில் பாறையில் துளை போடும் வேலை. குவாரி ஆட்களுக்கென்று கட்டிய லைன் வீடுகள் காட்டின் விளிம்பில் இருந்தன. நடுவில் ஒரு வண்டித்தடம் மட்டும்தான். இந்தப் பக்கம் எங்கள் வீடுகள், அந்தப் பக்கம் காடு. மாப்பிள்ளையைப் பிடித்திருந்தும் அண்ணனுக்கு இடம் பிடிக்கவில்லை. "ஆனை வரும்னு சொல்றாங்களே" என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைக்கும் புலம்பினார். பிறகு அம்மாவும் காலமாகி, ஆனேக்கல் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் இடம் காலியானபோது, கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். சந்தாபுராவில் வாடகைக்கு வீடு பிடித்து அண்ணியையும் பிள்ளைகளையும் குடிவைத்தார். ஆபத்து அவசரத்துக்குத் தங்கச்சிக்கு ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும் என்பதுதான் காரணம். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணி சொல்லித்தான் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் மழை பொய்க்க ஆரம்பித்தது. முதல் வருடம் கிணற்றுத் தண்ணீர் இறங்கியது. அடுத்த வருடம் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. அதற்கும் அடுத்த கோடையில், குவாரிக்கு வரும் டேங்கர் லாரிதான் எங்களுக்குக் குடிதண்ணீர். அதுவும் ஒரு நாள் வரும், நாலு நாள் வராது. வீட்டுக்கு ஒரு டிரம் வாசலில் இருக்கும். அதற்குப் பூட்டுப் போட்ட வீடுகளும் உண்டு. காட்டுக்குள் மூங்கில் மொத்தமாகப் பூத்து, அப்படியே காய்ந்து நின்றது. காய்ந்த மூங்கில் காற்றில் ஒன்றோடொன்று உரசும் சத்தம் பகலெல்லாம் கேட்கும். உண்ணிச்செடிப் புதர்கள் சருகாகிக் கிடந்தன. காட்டுக்குள் இருந்த குட்டையில் சேறு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

அந்த மாதங்களில் காட்டில் ஏதாவது ஒரு மூலையில் புகை எழாத வாரம் இல்லை. மாடு மேய்ப்பவர்கள் புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துவார்கள், யாரோ பீடியை அணைக்காமல் போடுவார்கள் என்று சொல்வார்கள். யார் என்று ஒருபோதும் தெரியாது. கொடியில் காயப்போட்ட துணியில் கரித்தூள் விழும். நான் உதறிவிட்டு மடித்து வைப்பேன். தூரத்தில்தானே என்று நினைத்துக்கொள்வோம்.

அன்று மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வெடிக்கிற சத்தம் கேட்டது. குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வெடி வைப்பதற்கு முன்னால் விசில் ஊதுவார்கள். அன்று விசில் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் குன்றின் உச்சியில் மூங்கில் காடு எரிந்துகொண்டிருந்தது. கணுக்கணுவாக மூங்கில் வெடிக்கிற சத்தம்தான் அது. காற்று எங்களை நோக்கி அடித்தது. என் கணவர் குவாரி ஆபீசுக்கு ஓடிப் போய் போன் செய்தார்.

வண்டி வந்தபோது அதிலிருந்து முதலில் இறங்கியவர் அண்ணன். அவரைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி, அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. குன்றைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், எங்கள் வீடுகளைப் பார்த்தார். உதடு உலர்ந்திருந்தது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் குவாரிப் பள்ளத்துக்குள் கொண்டுபோய்விடச் சொன்னார். அங்கே எரிவதற்குப் பாறையைத் தவிர வேறொன்றும் இல்லை. பள்ளத்தின் மறுபக்கம் லாரி ஏறிப்போகிற பாதையும் இருந்தது. என் பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டு அக்காவோடு அனுப்பிவிட்டு நான் நின்றேன். நீயும் போ என்று அண்ணன் ஒருமுறை சொன்னார். நான் போகவில்லை. மறுமுறை சொல்ல அவருக்கு நேரம் இல்லை.

வண்டியில் இருக்கும் தண்ணீர் ஒரு வீட்டுத் தீக்குத் தாங்கும். ஒரு காட்டுக்கு எங்கே தாங்கும்? வண்டித்தடத்தைத் தாண்டி வண்டியும் போகாது. அதனால் டிரைவர் பசவராஜை வண்டியோடு வீடுகளின் பக்கம் நிறுத்திவிட்டு, அண்ணனும் மற்ற தோழர்களும் இறங்கி நடந்தார்கள். காட்டு இலாகாவின் வாட்சர் மாதப்பாவும் அவருடைய ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். எல்லோருமாகப் பச்சைக் கிளைகளை வெட்டி நெருப்பை அடித்தார்கள். எங்கள் லைன் ஆண்கள் மண்வெட்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் சாக்குகளை நனைத்துக் கொடுத்தோம். நனைக்கத் தண்ணீர்? அவரவர் வாசல் டிரம்மைத் திறந்துவிட்டோம். குழந்தைக்குக் கூட அளந்து கொடுத்த தண்ணீர் அது.

அடித்தும் வெட்டியும் பயனில்லை. நெருப்பு சரிவில் இறங்கிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் அணைத்தால் காற்று ஒரு பொறியைத் தூக்கி இன்னோர் இடத்தில் வைக்கும். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய ஆட்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கி வண்டித்தடத்துக்கே வந்துவிட்டார்கள். அங்கே மாதப்பா அண்ணனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னார். அண்ணன் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். மாதப்பா மறுபடியும் சொன்னார். இந்தத் தடத்தின் ஓரத்திலிருந்து நாமே நெருப்பு வைக்க வேண்டும், அது எதிரே போய்ப் பெரிய நெருப்பைச் சந்தித்தால் இரண்டுக்கும் எரிய எதுவும் மிச்சமிருக்காது என்பதுதான் அவர் சொன்னது. ஆனால் காற்று எங்கள் பக்கம் அடிக்கிறபோது வைத்தால் அது வீடுகளின் மேல்தான் வரும். பெரிய நெருப்பு நன்றாக நெருங்கி வந்துவிட்டால், அதுவே தன்னைச் சுற்றியுள்ள காற்றை இழுக்கும். அந்த நேரம் பார்த்து வைக்க வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

அண்ணன் இதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னபோது கூட்டம் கொதித்துவிட்டது. லைனில் மூத்தவரான முனியப்பன் பாறை உடைக்கும் சம்மட்டியோடு முன்னால் வந்தார். "அணைக்க வந்தவன் கொளுத்தறன்னு சொல்றியே, இன்னா நியாயம் இது? எங்க ஊடு, எங்க பொருளு. உன் ஊடா?" என்று கேட்டார்.

அண்ணன் திரும்பி என் வீட்டைக் காட்டினார். அது வரிசையில் கடைசி. தடத்துக்கு மிக அருகில் இருந்தது. "அது என் தங்கச்சி ஊடு. முதல்ல புடிச்சா அதுதான் புடிக்கும்" என்றார்.

முனியப்பன் சம்மட்டியைக் கீழே போடவில்லை. ஆனால் நகர்ந்து நின்றார்.

பிறகு காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு நேரத்தை நான் அனுபவித்ததில்லை. நெருப்பு வருகிறது, ஓடவும் கூடாது, அணைக்கவும் முடியாது, அது இன்னும் கிட்டே வரட்டும் என்று நிற்க வேண்டும். சூடு முகத்தைக் கருக்கியது. முயல்களும் கீரிகளும் எங்கள் கால்களுக்கு இடையில் புகுந்து ஓடின. ஒன்றுக்கும் எங்களைப் பற்றிப் பயமில்லை. பசவராஜ் தடத்தையும் வீட்டுக் கூரைகளையும் நனைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மாதப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதப்பா குனிந்து குனிந்து ஒரு பிடி சருகை அள்ளி மேலே போட்டுப் பார்த்தார். அது எங்கள் பக்கம் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் எங்கள் பக்கம்.

சட்டென்று மாதப்பா "காளி, காளி" என்று கத்தினார். கன்னடத்தில் அது காற்று. புதிதாகத் தர்மபுரியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அம்மனைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கைகூப்பிவிட்டாள். சருகு நெருப்பை நோக்கிப் பறந்தது.

அண்ணன் முதல் குச்சியைக் கிழித்தார். அது ஒடிந்தது. இரண்டாவதும் அப்படியே. நான் பக்கத்தில் போய் தீப்பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்கு பாப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கும்தாண்ணா. கிழி" என்றேன்.

கிழித்தார். சருகில் வைத்தார். அது ஒரு கணம் எங்கள் பக்கம் நாக்கை நீட்டியது. பிறகு யாரோ உள்ளிருந்து இழுத்தாற்போலக் காட்டுப் பக்கம் சாய்ந்து ஓடியது. தோழர்கள் தடத்தின் நீளத்துக்கும் பந்தத்தால் பற்ற வைத்துக்கொண்டே போனார்கள். தடம் முடிகிற இடத்திலிருந்து காய்ந்த குட்டை வரைக்கும் ஒரு துண்டு நிலம் திறந்து கிடந்தது. அங்கேயும் வைக்காவிட்டால் நெருப்பு சுற்றிக்கொண்டு பின்னால் வந்துவிடும். அண்ணனும் மாதப்பாவும் இரண்டு தோழர்களும் அந்தப் பக்கம் போனார்கள். புகைக்குள் அவருடைய முதுகு மறைகிற வரைக்கும் பார்த்தேன்.

இரண்டு நெருப்பும் சந்தித்தபோது எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தகரக் கூரைகள் அதிர்ந்தன. அனல் ஒரு பனை உயரத்துக்கு எழுந்து நின்று அப்படியே அமர்ந்தது. அமரும்போது காற்று சுழன்றது. எரிகிற மூங்கில் துண்டுகள் மேலே கிளம்பி மழைபோலக் கொட்டின. அவற்றில் ஒன்று என் வீட்டு முன்பந்தலில் விழுந்தது. ஓலைப் பந்தல் அது. நனைத்த ஈரம் அந்தச் சூட்டில் எப்போதோ உலர்ந்திருந்தது.

பசவராஜ் வண்டியைத் திருப்பிக் குழாயை நீட்டுவதற்குள் வீட்டுக்குள் நெருப்பு போய்விட்டது. மிச்சமிருந்த தண்ணீரை என் வீட்டின் மேல் அடிப்பதா, பக்கத்து வீட்டுக்குப் பரவாமல் தடுப்பதா என்று அவர் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கணவர் பக்கத்து வீட்டைக் காட்டினார். பசவராஜ் அங்கே அடித்தார். வரிசை நின்றது. என் வீடு போனது.

எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் வீட்டைப் பார்க்கவில்லை. குட்டைப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போன நால்வரும் வரவில்லை. காற்று சுழன்றபோது நெருப்பு அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் புகுந்துவிட்டது. பசவராஜ் தடத்தின் கடைசியில் நின்று "அண்ணா, அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூங்கில் வெடிப்பது குறைந்து, புகை தரையோடு படிந்து, எல்லாம் கறுப்பாகக் கிடந்தது. உள்ளே போகலாம் என்று என் கணவர் புறப்பட்டபோது, தரை இன்னும் கனல்கிறது என்று தடுத்துவிட்டார்கள். அண்ணிக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அண்ணன் பிள்ளைகளின் முகம் கண்முன் வந்தது. அதற்கு மேல் யோசிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் மாதப்பாவின் குரல்தான் முதலில் கேட்டது. நால்வரும் வந்தார்கள். தலைமுடியும் புருவமும் கருகி, சேறு அப்பிய முகத்தோடு, யார் எவர் என்று தெரியாமல் வந்தார்கள். ஒரு தோழருடைய இரண்டு கையும் வெந்திருந்தன. நெருப்பு சூழ்ந்ததும் அவர்கள் காய்ந்த குட்டைக்குள் இறங்கி, வெடித்த சேற்றின் பிளவுகளில் முகத்தைப் புதைத்துப் படுத்துவிட்டார்களாம். சேற்றின் அடியில் கொஞ்சம் ஈரக் குளிர்ச்சி இருந்திருக்கிறது. அண்ணன் ஒருமுறை தலையைத் தூக்கியபோது, குட்டையின் மறுகரையில் மான்களும் பன்றிகளும், அவற்றுக்குப் பின்னால் குட்டியோடு ஒரு யானையும் நின்றிருந்தனவாம். யாரும் யாரையும் துரத்தவில்லை. யானை காதைக்கூட ஆட்டவில்லை என்றார் அண்ணன். அதற்குப் பிறகு பல வருடங்கள் அவராக யாருக்கும் இதைக் கதையாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் மட்டும் சொன்னார். ஒவ்வொரு முறையும் குரல் தாழ்ந்துவிடும்.

அன்று அண்ணன் என்னை நோக்கி வந்து, எனக்குப் பின்னால் வீட்டைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"உள்ள யாராச்சும்…?"

"யாரும் இல்லண்ணா. புள்ளைங்க பள்ளத்துல இருக்குதுங்க."

அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். "நான் வெச்ச நெருப்பு" என்றார்.

"நீ வெக்கலன்னா லைனே போயிருக்கும்."

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சி இன்னா பண்றது? உள்ள நடுங்குதே."

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். முனியப்பன் எங்கிருந்தோ ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். லைனில் அன்று மிச்சமிருந்தது அதுவாகத்தான் இருக்கும். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, கை வெந்த தோழருக்குக் கொடுத்தார்.

மேலிடத்தில் இதைப் பற்றி விசாரித்தார்கள். அண்ணன் நடந்ததை நடந்தபடி சொன்னார். மாதப்பா தாமாகவே வந்து, நான்தான் வைக்கச் சொன்னேன் என்றார். லைன் ஆட்கள் கூட்டமாகப் போய் நின்றார்கள். அதோடு முடிந்தது. அண்ணனுக்குள்தான் அது முடியவில்லை.

அண்ணி இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுப்பைப் பற்ற வைக்க அவரைக் கூப்பிட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாராம். தூக்கத்தில் பாப்பா, பாப்பா என்று என்னைக் கூப்பிடுவாராம். ஆனால் நிலையத்தில் மணி அடித்தால் வண்டியில் ஏறிவிடுவார். வேறு வேலை கேட்டுப் பாருங்கள் என்று அண்ணி கெஞ்சியிருக்கிறார். ஒரு நாள் அதற்குப் பதிலாக, "பயம் இல்லாதவன அனுப்புனா அவன் இன்னும் நாலு பேர இட்டுக்கினு போயி மாட்டுவான். நான் போனா திரும்பிப் பாத்துக்கினே போவேன்" என்றாராம்.

எங்கள் வீட்டைத் திரும்பக் கட்டினோம். விடுமுறை கிடைத்த நாளிலெல்லாம் அண்ணன் வந்து என் கணவரோடு சேர்ந்து கல் சுமந்தார். முன்பந்தலுக்கு ஓலை வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். அதன்பின் ஒவ்வொரு மாசியிலும் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். வண்டித்தடத்தின் ஓரத்தில் சருகைப் பெருக்கி ஒதுக்குவார். முனியப்பனும் சேர்ந்துகொள்வார். லைன் முழுக்க அதைப் பழக்கமாக்கிக்கொண்டது. மழையும் பிறகு வந்தது. முதல் மழையில் கறுத்த சரிவில் பச்சை முளைத்தபோது பார்க்க வா என்று சொல்லியனுப்பினேன். வந்தார். வெகுநேரம் பார்த்தார். அழகா இருக்கு என்றார். உடனே, இதெல்லாம் காய்ஞ்சா என்ன ஆகும் என்றார்.

அவருக்கு இருமல் அந்தக் கோடையிலிருந்தே உண்டு. புகையிலேயே வாழ்ந்த நுரையீரல்தானே என்று அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்ற ஆண்டு மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது காலம் கடந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் முகத்தில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்தால் அதை விலக்கிவிட்டுப் பேச வருவார். நான் திரும்ப வைப்பேன். ஒரு மாலை அண்ணி டீ வாங்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "கூடவே இரு. பேச வேணாம்" என்றார். இருந்தேன். மறுநாள் விடியற்காலை, அண்ணியும் பிள்ளைகளும் சுற்றி நிற்க, அமைதியாகப் போனார்.

இந்த ஓராண்டில் எங்களைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கடைசி வரை நம்பிக்கை இழக்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும், இரவெல்லாம் அண்ணனின் தலைமாட்டில் நின்ற நர்ஸ் சகோதரிகளுக்கும் நன்றி. கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்திய சந்தாபுரா அக்கம்பக்கத்தாருக்கும், அத்தனை வருடத்துக்குப் பிறகும் மறக்காமல் வந்த விவேக் நகர் பழைய தெருக்காரர்களுக்கும் நன்றி. பசவராஜ் அண்ணாவுக்கு நன்றி என்ற சொல் போதாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் அண்ணனைக் கொண்டுவந்த வண்டியைத் தாமே ஓட்டினார். மாதப்பா காட்டு வேலையை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி வந்தார். குவாரி லைன் ஆண்கள் பாடையைத் தரையில் இறக்கவே விடவில்லை. முனியப்பன் கடைசி வரை முன்பக்கத் தோளை மாற்றிக் கொடுக்கவில்லை. இவர்கள் எல்லோருக்கும் அண்ணியின் சார்பிலும் பிள்ளைகள் சார்பிலும் என் நன்றி.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். அண்ணன் பணியில் இருக்கும்போதே காலமானதால் அவருடைய மூத்த மகனுக்குத் துறையிலேயே வேலை கொடுத்திருக்கிறார்கள். உத்தரவு போன வாரம்தான் வந்தது. அலுவலகத்தில் எழுத்து வேலையும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் வண்டியில் போகும் வேலைதான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவனுக்கு நீ சொல்லு, நீ சொன்னால் கேட்பான் என்று என்னிடம் அழுதார். போனேன். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அவன் புதுச் சீருடையைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அளவு சரியாக இருக்குமா அத்தை என்று கேட்டான். நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த வருடமும் மழை சரியில்லை. அவனை உங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.